பதினாறு பக்கம் படிக்காத பேராசிரியர் குழு

“அனுபவம் மிக்க பேராசிரியர்கள் குழுவால் தயாரிக்கப்பட்டது” என்று அட்டையிலேயே போட்டிருக்கும். தபால்வழியில் பட்டம் படிக்கிறவர்களுக்கான இலக்கியக் கைடு அது.

அந்தக் குழுவுக்கு ஐம்பத்தொரு வயது. இரண்டு குதிகாலிலும் வெடிப்பு. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட குழு. காலை ஒன்பதரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராமல் ஒரு முழம் தள்ளி உட்காரும். நேர்கீழே உட்கார்ந்தால் தாள் பறக்கும். குழுவுக்குச் சளி பிடித்தால் மொத்தக் குழுவுக்கும் பிடிக்கும். விடுப்பு எடுத்தால் ஒருமனதாக எடுக்கும்.

அச்சகத்தில் அவரைக் “குழு” என்றே கூப்பிட்டார்கள். “குழு டீ குடிச்சாச்சா?” என்று பேப்பர் வெட்டுகிறவர் கேட்பார். “தீர்மானம் நிறைவேத்திட்டு வரேன்” என்று இவர் எழுந்து போவார்.

தொடக்கத்தில் நிஜமாகவே ஒரு பேராசிரியர் இருந்தார். கையால் எழுதிக் கொடுப்பார், இவர் தட்டச்சு செய்வார். ஒரு வருடம் அவர் பாதி எழுதி வைத்துவிட்டு மகன் வீட்டுக்கு விமானம் ஏறிப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. முதலாளி இவர் மேசைக்கு வந்து நின்றார்.

“மிச்சத்தை நீயே முடிச்சிடும்மா.”

“நானா? எனக்கு என்ன சார் தெரியும்?”

“உனக்குத் தெரியாதுதான். உன் விரலுக்குத் தெரியும். பத்தொம்பது வருஷமா அவர் எழுதினதை அடிச்சிருக்கே இல்ல?”

விரலுக்குத் தெரிந்துதான் இருந்தது. “இங்ஙனம்” என்று தொடங்கினால் அந்த வாக்கியம் தானாகவே நடந்து போய் “எனலாம்” என்பதில் உட்கார்ந்துகொள்வதை அவர் கண்டுபிடித்தார். ஆனால் பேராசிரியர் செய்யாத ஒரு காரியத்தையும் செய்தார். பாடப் புத்தகங்களைப் படித்தார். பேராசிரியருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அவர் ஏற்கெனவே அறிஞர்.

பாடத்திட்டத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய நாவல் ஒன்று இருந்தது. விளக்குக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு தெருவுக்கு வருகிறாள் ஒருத்தி. கடையை அவளே நடத்துகிறாள், தெரு அவளைப் பற்றிப் பேசுகிறது, கணவன் ஒருநாள் காணாமல் போகிறான், தெரு இன்னும் அதிகமாகப் பேசுகிறது. தேர்வில் வருடா வருடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: “நாவலின் நாயகியை அவளது தனித்தன்மை, உறவுகள், சமூகம் ஆகியவற்றின் வழி ஆராய்க.” பத்து மதிப்பெண்.

ஆராய்க என்றால் எண்ணுக என்று குழு புரிந்துகொண்டது. பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, நாவலில் அந்தப் பெண்ணை அவள் பெயர் சொல்லி எத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்று எண்ணினார். நான்கு தடவை. மற்ற நேரமெல்லாம் அவள் விளக்குக் கடைக்காரன் பெண்டாட்டி. நான்கில் மூன்று தடவை கூப்பிடுவது அவள் நாத்தனார். நான்காவது தடவை தபால்காரர். அவரும் உறை மேல் எழுதியிருந்ததைப் பார்த்து வாசித்தவர்தான். தனித்தன்மை என்ற தலைப்பின் கீழ் இதை அப்படியே எழுதினார். உறவுகள் என்ற தலைப்பில், யார் அவளிடம் வந்து பேசுகிறார்கள், யாரிடம் அவளாகப் போய்ப் பேச வேண்டியிருக்கிறது என்று பிரித்தார். சமூகம் என்பதற்குத் தெருவில் உள்ள பதினொரு கதவுகளையும் வரிசையாகப் போட்டு, எந்தக் கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று ஒரு கட்டம் வரைந்தார். அதுவரை எந்தக் கைடிலும் இல்லாத கட்டம் அது. மாணவர்கள் அளவுகோல் வைத்து அதை வரைந்தார்கள். வரைவதில் நேரம் போனது, ஆனால் பக்கமும் நிறைந்தது.

தொல்லை முடிவில்தான் வந்தது.

அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள். பாரம் பாரமாக அச்சடித்து, மடித்து, அடுக்கித் தைத்தால் புத்தகம். குழுவின் கையில் இருந்த பழைய பிரதியில் தைத்தவர் கடைசிப் பாரத்தை விட்டுவிட்டு, அதன் இடத்தில் இரண்டாவது பாரத்தை இன்னொரு முறை வைத்துத் தைத்திருந்தார். அதாவது 304ஆம் பக்கத்துக்கு அடுத்தது 17ஆம் பக்கம். தட்டச்சு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்த ஆளுக்கு இது தெரியாமல் போகுமா? ஒரே புரட்டலில் தெரிந்துவிட்டது. முதலாளியிடம் கொண்டு போய்க் காட்டினார். முதலாளி புத்தகத்தை வாங்கி, எடை பார்ப்பவர் போல் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “கனமாத்தானே இருக்கு?” என்றார். வேறு பிரதி கடையில் இல்லை, நூலகத்தில் இருந்ததை யாரோ எடுத்துப்போய்த் திருப்பவில்லை, தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தையல் பிசகு கதையில் பிசகவே இல்லை. 304ஆம் பக்கத்தின் கடைசி வரியில், எல்லாக் கதவும் மூடிய பிறகு, மழையில், தகரப் பெட்டியோடு நாத்தனார் வீட்டு வாசலில் நிற்கிறாள் நாயகி. “அவள் கதவைத் தட்டினாள்” என்று பக்கம் முடிகிறது. எதிர்ப் பக்கத்தில், அதாவது 17இல், முதல் வரி: “நாத்தனார் கதவைத் திறந்தாள்.” கல்யாணமாகி முதல்முதலாக அந்த வீட்டுக்கு அவள் வந்த காட்சி அது. அதே தகரப் பெட்டி. அதே வாசல். “வந்துட்டியா, உள்ள வா, ஈரத்துல நிக்காதே” என்கிறாள் நாத்தனார். அங்கேயும் மழை.

குழு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு அடித்தார்: “இங்ஙனம் நாவல் தொடங்கிய வாசலிலேயே முடிகிறது. இவ்வட்ட அமைப்பு, சமூகம் மூடிய கதவை உறவு திறக்கும் என்பதைக் காட்டுகிறது எனலாம்.”

பதினோரு வருடம் அது ஓடியது. பாதித் திருத்துநர்கள் நாவலைப் படித்ததில்லை. அவர்கள் கைடைப் பார்த்துத் திருத்தினார்கள். மீதிப் பாதி எப்போதோ படித்தவர்கள். அவர்கள் தங்கள் ஞாபகத்தைச் சந்தேகித்தார்கள். “வட்ட அமைப்பு” என்று எழுதியவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூடவே விழுந்தது. சரியான முடிவை எழுதிய அபூர்வ மாணவர்களுக்கு “நாவலை ஊன்றிப் படிக்கவும்” என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்கள்.

குழுவோ அந்தக் கடைசிப் பதினாறு பக்கத்தைப் பிறகும் படிக்கவில்லை. நூலகத்துக்கு நல்ல பிரதி வந்து சேர்ந்தும், அந்தத் தட்டுப் பக்கமே போகவில்லை.

பன்னிரண்டாம் வருடம் தேர்வுத் துறைக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்தார். முப்பது வருடம் இதே நாவலை நடத்தியவர். வந்ததும் மாதிரிக்குக் கொஞ்சம் விடைத்தாள்களைத் தாமே எடுத்துப் படித்தார். இப்படிப்பட்ட ஆர்வத்துக்கு அந்த அலுவலகம் பழகியிருக்கவில்லை. மறுநாளே இரண்டாயிரத்துச் சொச்சம் பேருடைய தேர்வு முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. அச்சகத்துக்குக் கடிதம் வந்தது: இப்படி முடிகிற வேறு பதிப்பு ஏதேனும் உண்டென்றால் மதிப்பெண் நிற்கும், இல்லையென்றால் அந்த விடைக்குச் சுழியம். விளக்கம் தர, பேராசிரியர் குழுவின் அனைத்து உறுப்பினர்களும் நேரில் வரவேண்டும்.

நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒருவர் குழுவின் வீட்டிலேயே இருந்தார். அவருடைய சொந்த நாத்தனார், கணவருக்குத் தங்கை. நாற்பத்து நான்கு வயது. ஒரு பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை. பட்டம் இருந்தால் கழுவச் சொல்கிற வேலை. வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை இலக்கியத் தாளில் முப்பத்தேழு எடுத்திருப்பதாக ஆய்வகத்து உதவியாளர் விசாரித்துச் சொல்லியிருந்தார். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. அந்த முப்பத்தேழில் ஒன்பது, வட்ட அமைப்பில் முடிந்த அந்த ஒரு விடைக்கு வந்தது.

கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் நாத்தனார் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். அதுவே குழுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“அண்ணி, உண்மைய சொல்லுங்க. அந்தக் கதை அப்படி முடியலையா?”

“எனக்குத் தெரியாது.”

“தெரியாதா? எழுதினது நீங்க!”

“எழுதினேன். படிக்கல.”

“அடப்பாவி அண்ணி! நான் அந்த வட்டத்தை எத்தனை தடவை மனப்பாடம் பண்ணேன் தெரியுமா? குழாய் கழுவும்போதெல்லாம் வட்டம் வட்டமாச் சொல்லிக்கிட்டே கழுவுனேன். முப்பத்தேழுல ஒம்போது போனா?”

“இருபத்தெட்டு” என்றார் குழுவின் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

“உன்னை யாரு அண்ணா கேட்டா?”

செய்தித்தாள் ஒரு அங்குலம் உயர்ந்தது.

அச்சகத்தில் முதலாளி வேறு கவலையில் இருந்தார். கடிதத்தில் “அனைத்து உறுப்பினர்களும்” என்றிருந்தது. அவர் ஒரு குழுவைத் திரட்டத் தொடங்கினார். பேப்பர் வெட்டுகிறவருக்கு ஒரு கோட்டு வாங்கிவந்து மாட்டிவிட்டார். அவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, “நவீனத்துவம்” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். குழுவின் கணவருக்கு மூக்குக்கண்ணாடி இருந்ததால் அவர் இயல்பாகவே தேர்வானார்.

“நான் என்ன பேசணும்?” என்றார் கணவர்.

“ஒண்ணும் பேசாதீங்க. யாராவது ஏதாவது கேட்டா மேல பாத்து, ‘அது விவாதத்துக்குரியது’ன்னு சொல்லுங்க.”

“வீட்டுல இத்தனை வருஷமா அதைத்தானே செய்யறேன்.”

பிறகு முதலாளி குழுவைத் தனியே கூப்பிட்டார். “இங்க பாரும்மா. வேற பதிப்பு இருக்குன்னு சொல்லிடு. பொய் கூட இல்ல. உன் கையில இருக்கிற புத்தகமே அப்படித்தானே முடியுது? எடுத்து மேசை மேல வை. பக்கத்து நம்பரைக் கட்டிங்ல சீவிடச் சொல்றேன், அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டாயிரம் பசங்க பாஸு. உங்க நாத்தனாரும் பாஸு. யாருக்கு நஷ்டம், சொல்லு?”

யாருக்கும் நஷ்டமில்லை என்பதுதான் குழுவுக்குச் சங்கடம். புத்தகத்தை வெட்டு இயந்திரத்துக்குக் கொடுக்காமல் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

குறித்த நாளில் கோட்டுக்காரரையும் கண்ணாடிக்காரரையும் “பேசவேண்டியதை நானே பேசிக்கறேன்” என்று வாசலிலேயே நிறுத்திவிட்டு அவர் தனியாகப் புறப்பட்டார். பேப்பர் வெட்டுகிறவருக்கு அதில் உண்மையான வருத்தம். நாத்தனார் மட்டும் விடவில்லை. ஆய்வகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே வந்தார்.

“என்ன சொல்லப் போறீங்க அண்ணி?” என்று பேருந்தில் கேட்டார்.

“இன்னும் முடிவு பண்ணல.”

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்ப்பா. உங்க மனசாட்சி, உங்க இஷ்டம்.” இரண்டு நிறுத்தம் கழித்து, “அந்த வேலைக்குக் குடுக்கிற நாற்காலிக்குச் சுத்தற சக்கரம் உண்டாம்” என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

தேர்வுத் துறை அறையில் குழுவுக்காக ஐந்து நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குவளைத் தண்ணீர். குழு நடு நாற்காலியில் உட்கார்ந்து, வலப்பக்க நாற்காலியில் பையையும் இடப்பக்க நாற்காலியில் குடையையும் வைத்தார். எழுத்தர் பதிவேட்டோடு வந்தார்.

“மத்தவங்க எப்போ வருவாங்க மேடம்?”

“எல்லாரும் வந்தாச்சு.”

எழுத்தர் குடையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பதிவேட்டில் ஏதோ எழுதினார்.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர், அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் பேராசிரியர். தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார். “இப்படி முடிகிற வேறு பதிப்பு இருக்கா?”

குழு பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். 304ஐத் திருப்பினார். பக்கத்து எண்கள் இரண்டும், 304ம் 17ம், தெளிவாகத் தெரிந்தன.

“இல்ல சார். இது பைண்டிங் தப்பு. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சும் எழுதினீங்களா?”

“ஆமா சார்.”

“மத்த உறுப்பினர்கள் ஒத்துக்கிட்டாங்களா?”

“மத்த உறுப்பினர்னு யாரும் இல்ல சார். நான் டைப்பிஸ்ட்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “சரியான முடிவை அப்புறமாவது படிச்சீங்களா?”

“இல்ல சார். படிச்சா மாத்தணும். மாத்தினா, முந்தி எழுதினவங்க எல்லாரும் தப்புன்னு ஆயிடும். அதான் படிக்காமலே இருந்துட்டேன்.”

பெண் பேராசிரியர் சிரிப்பை அடக்க இருமினார். தலைவர் தம் பிரதியைத் திறந்து, 305ஐ எடுத்து, குழுவின் முன்னால் தள்ளினார். “படிங்க. நாங்க இருக்கோம்.”

குழு படித்தார். வரிக்கு வரி விரல் வைத்து, மெல்ல. முதல் வரி: “கதவு திறக்கவில்லை.” நாயகி இரண்டாம் முறை தட்டுகிறாள், மூன்றாம் முறை தட்டுகிறாள், படியிலேயே உட்காருகிறாள், 311இல் குளிரில் செத்துப் போகிறாள். மிச்ச ஒன்பது பக்கம் தெருவே கூடி வருந்துகிறது. எழுத்தர் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசிப் பக்கத்தை முடித்ததும் குழு ஒரு குவளைத் தண்ணீரைக் குடித்தார். பிறகு பை இருந்த நாற்காலியின் குவளையையும் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டவர் திடீரென்று பின்னால் புரட்டத் தொடங்கினார்.

“சார், நாத்தனார் கதவைத் திறக்கலைன்னு நீங்க எப்படி நடத்துவீங்க?”

“மூடிய கதவு சமூகத்தோட மனசும்மா. கடைசியில் உறவும் சமூகத்தின் பக்கம் சாய்ஞ்சிடுது. முப்பது வருஷமா இதைத்தான் சொல்றேன்.”

“இருக்கலாம் சார். ஆனா இவளுக்குக் காது கேக்காதே?”

“யாருக்கு?”

“நாத்தனாருக்கு. நூத்தி நாப்பதாம் பக்கம் பாருங்க. கடைத்தெருவுல வண்டி வர்றது தெரியாம நிப்பா. ‘வலது காது முன்பே போயிற்று, இடதும் போய்க்கொண்டிருந்தது’ன்னு இருக்கு. நூத்தித் தொண்ணூறுல, கதவைத் தட்டினா கேக்காதுன்னு ஜன்னல்ல கல்லு போட்டுத்தான் கூப்பிடுவாங்க. அதை யாரு சொல்லித் தர்றது? நாயகியே தெருப் பசங்களுக்குச் சொல்லித் தருவா. இங்க என்னடான்னா மழை பெய்யுது, இவ கதவைத் தட்டுறா! எழுதினவருக்கு மறந்து போச்சோ, இல்ல களைப்புல இவளுக்கே மறந்து போச்சோ, தெரியல. ஆனா அவ திறக்க மாட்டேன்னு இருக்கல சார். அவளுக்குக் கேக்கவே இல்ல. மொத்தக் கதையில இவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவ அவ ஒருத்திதான்.”

தலைவர் 140ஐத் திருப்பினார். 190ஐத் திருப்பினார். மறுபடி 140. பெண் பேராசிரியரும் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

“நீங்க இதைக் கவனிச்சிருக்கீங்களா?” என்று அவரிடம் தலைவர் கேட்டார்.

“நான் இதுல ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியிருக்கேன் சார்” என்றார் அவர். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

தலைவர் புத்தகத்தை மூடினார். பிறகு, முப்பது வருடம் மூடியிருந்த கதவைப் பார்க்கிற முகத்தோடு, “அதனால நீங்க எழுதின முடிவு சரியாகிடாது” என்றார்.

“ஆகாது சார். அது தப்புதான். செத்துட்டாளே.”

நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அவர் கையால் எழுதி, கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தார். “எனலாம்” என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் இல்லை.

நடைக்கூடத்தில் நாத்தனார் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன சொன்னீங்க?”

“வேற பதிப்பு இல்லைன்னு சொன்னேன்.”

நாத்தனார் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்தார். “போச்சு. போங்க. இந்த ஜென்மத்துல எனக்குக் குழாயும் பிரஷ்ஷும்தான்.” கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: “அவ என்ன ஆனா?”

“யாரு?”

“அந்த விளக்குக் கடைக்காரி. அவளை வெச்சுத்தானே நான் ஃபெயிலு. என்ன ஆனான்னு தெரிஞ்சுக்கிறேன்.”

குழு படியில் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுதும் சொன்னார். 311 வந்தபோது நாத்தனார் குறுக்கிட்டு, “ஐயோ, அந்தக் கிறுக்குச்சி ஜன்னல்ல கல்ல விட்டு எறியக் கூடாதா!” என்று போட்ட சத்தத்தில் இரண்டு அறைக் கதவுகள் திறந்தன. சட்டென்று இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுத்தர் வந்து இது அலுவலகம் என்று சொல்லும்வரை ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பேருந்திலும் சிரித்தார்கள். நடத்துநர் இரண்டு முறை கேட்டும், எங்கே இறங்க வேண்டும் என்று சொல்ல முடியவில்லை.

ஒன்பது நாள் கழித்து அறிவிப்பு ஒட்டினார்கள். தனித்தன்மை, உறவுகள், சமூகம் ஆகிய மூன்று பகுதிகளும் நாவலில் உள்ளவையே என்பதால் அவற்றுக்கான மதிப்பெண் நிற்கும். கதையின் முடிவு தவறு, அதற்காக எல்லோருக்கும் இரண்டு மதிப்பெண் குறைக்கப்படும். நாத்தனாருக்கு முப்பத்தைந்து வந்தது. இந்தச் செய்தியைச் சொல்ல அவர் அச்சகத்துக்கே ஓடிவந்து, குழுவைத் தூக்க முயன்று, முடியாமல், பேப்பர் வெட்டுகிறவரைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். முதலாளி கடைகளிலிருந்து கைடைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. நான்கு நாள் குழுவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வரலாற்றுக் கைடு அவசரம் என்பதால் பேசினார்.

தலைவர் இப்போது வகுப்பில் அந்தக் கடைசிக் காட்சியை வேறு மாதிரி நடத்துகிறாராம். யார் கண்டது என்று சொல்வதில்லை. “ஒரு குழு கண்டது” என்கிறாராம்.

குழுவைப் பற்றி இன்னும் எவ்வளவோ சொல்கிறார்கள். அதில் பாதி, பேப்பர் வெட்டுகிறவர் சேர்த்தது. அந்த அறையில் நடந்தது இவ்வளவுதான்: வேறு பதிப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள், அவர் இல்லை என்று சொன்னார்.